தடிமன் என்ற ஒரு சொல்லும் பல நோய்களும்

ஐப்பசி கழியும் வேளையில் இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளிவைத்ததும், எம்மவர் வீடுகளின் தொலைபேசி உரையாடல்கள் யாவும் ‘தடிமன்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகின்றன. ஊரில் இந்த ஒரு சொல் எமக்குப் போதுமானதாக இருந்தது. மாரி மழையில் நனைந்தால் தடிமன். கொத்தமல்லி அவித்துக் குடித்தால் சில நாளில் போய்விடும். ஆனால் யன்னல் திறவாத அறைகளில் நால்வரும் ஐவருமாக உறங்கும் இந்நாட்டுக் குளிர்காலத்திலே, அதே சொல்லுக்குள் ஐந்தாறு நோய்கள் ஒளிந்துகொள்கின்றன. அவற்றுட் சில தாமாக மாறுவன. சில உயிரைக் கேட்பன.

முதலில் கேட்கவேண்டியது, நோய் எப்படித் தொடங்கியது என்பதே. 200இற்கும் மேற்பட்ட வைரசுகளால் உண்டாகக்கூடிய உண்மையான தடிமன் மெல்ல வரும். தொண்டை கரகரக்கும், தும்மல் வரும், மூக்கு ஓடும். வளர்ந்தவர்களுக்குக் காய்ச்சல் அரிது. ஏழு முதல் பத்து நாட்களில் நோய் தணிய, இருமல் மட்டும் சற்றுப் பின்தங்கும். இன்புளுவென்சா அப்படியன்று. காலையில் நலமாக வேலைக்குச் சென்றவர் மாலையில் நடுங்கியபடி திரும்புவார். கடும் காய்ச்சல், அடித்துப் போட்டாற்போல உடல் நோவு, எழுந்திருக்க இயலாத அயர்ச்சி. எப்போது தொடங்கியது என்று கேட்டால் மணியைச் சொல்லக்கூடியவருக்கு வந்தது பெரும்பாலும் இன்புளுவென்சா. நேற்றோ முந்தநாளோ என்று தடுமாறுபவருக்கு வந்தது பெரும்பாலும் தடிமன்.

கொவிட் இந்த இரண்டினது வேடத்தையும் அணியவல்லது. 2020இல் மணமும் சுவையும் அற்றுப்போதல் அதன் அடையாளமாக இருந்தது. 2021இன் இறுதியில் ஒமிக்ரோன் வகை பரவிய பின்னர் அவ்வடையாளம் அருகிவிட்டது. இன்று பரிசோதனையின்றி அதனைப் பிரித்தறிதல் வைத்தியருக்கும் கடினம்.

குழந்தைகளின் நிலை வேறு. ஆர்.எஸ்.வி. என்னும் வைரசு தாய்க்கு வெறும் தடிமனாக வந்து, அவளது கைக்குழந்தையின் நுண்ணிய சுவாசக் குழாய்களை அடைத்துவிடும். பால் குடிப்பது வழமையில் பாதிக்கும் கீழே குறைந்தாலோ, பன்னிரண்டு மணித்தியாலம் நப்கின் நனையாதிருந்தாலோ, உடனே 111 என்ற இலக்கத்தை அழைக்கவேண்டும். மூச்செடுக்கும்போது விலா எலும்புகளின் கீழே தோல் உள்ளிழுபட்டால் 999. உதடு நீலம் பாரிக்கும் என்று கையேடுகளில் எழுதியிருப்பார்கள். எமது நிறத்தவரில் அது உதட்டில் எளிதாகத் தெரியாது. நாக்கையும் முரசையும் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் 2024 செப்டெம்பர் முதல், கருவுற்று 28 வாரங்களான தாய்மாருக்கு இந்நோய்க்கான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகின்றது.

எமது கைவைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொத்தமல்லியும் இஞ்சியும் தொண்டைக்கு இதமானவை. அவற்றோடு எமக்கு வழக்கில்லை. ஆனால் கொதிநீர்ச் சட்டியின்மேல் பிள்ளையைக் குனியவைத்து ஆவி பிடிப்பித்தல் கூடாது. வெந்த முகத்தோடு மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும். ஊர் வழக்கத்தில் டிஸ்பிரின் கரைத்துக் கொடுப்போரும் உளர். அதிலுள்ள அஸ்பிரின், வைத்தியர் சொன்னாலன்றி, பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு ஆகாது. ‘பனடோலைத் தந்து அனுப்பிவிட்டார்’ என்று வைத்தியரைக் குறைகூறுவது எம்மவரிடையே ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. வைரசு நோய்க்கு அன்ரிபயோட்டிக் பயன் தராது என்பதால், பெரும்பாலான வேளைகளில் அவர் செய்தது சரியே.

ஆயினும் எம்மை உறுத்துவது வேறொன்று. மூன்று வாரம் கடந்தும் நிற்கும் இருமலைத் தடிமன் என்று சொல்லக்கூடாது. இருமி இருமி வாந்தியில் முடியுமாயின், அது கக்குவானாகலாம். 2024இல் அது இந்நாட்டில் மீண்டும் பெருமளவிற் பரவிற்று. இரவில் நெஞ்சு கீச்சிட்டு முட்டு இழுக்குமாயின் தொய்வு. பூஞ்சணம் பிடித்த சுவருள்ள அறையில் அது மோசமாகும். 2020இல் றொச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தையொன்று இறந்தமைக்கு வீட்டுப் பூஞ்சணமே காரணமென, 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். ஆகவே பூஞ்சணத்தைப் படம் பிடித்து வைப்பதும், வீட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவிப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே.

இருமலோடு மாலைக் காய்ச்சலும், படுக்கை நனையும் இரவு வியர்வையும், உடல் மெலிவும் சேர்ந்தால் காசநோயை நினைக்கவேண்டும். அதன் கிருமி ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் உறங்கிக் கிடந்து, உடல் நலியும்போது விழித்தெழும். வரும் வழியின் பட்டினி, நெருக்கமான அறை, நீரிழிவு ஆகிய யாவும் அதற்குத் துணை. எம்மவர் இந்நோயின் பெயரைச் சொல்லவே கூசுகிறார்கள். அறையிலிருந்து விலக்கிவிடுவார்களோ, ஊரில் தங்கையின் கலியாணம் குழம்புமோ, அகதி வழக்கு நிராகரிக்கப்படுமோ என்ற அச்சத்தில் போர்வைக்குள் வாயைப் பொத்தி இருமிய ஓர் இளைஞரை நாம் அறிவோம். அவரது அறையில் வேறு மூவர் உறங்கினர்.

இவ்வச்சங்களுக்கு விடை உண்டு. காசநோய் இருப்பது புகலிடம் மறுப்பதற்குக் காரணமன்று. இங்கிலாந்தில் அதன் பரிசோதனையும் சிகிச்சையும், விசா உள்ளவர் அற்றவர் யாவருக்கும், இலவசம். ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதால் அது தொற்றாது. வழமையாக ஆறு மாதம் மாத்திரை எடுக்கவேண்டும். ஆனால் முதல் இரண்டு வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை பெரும்பாலும் நீங்கிவிடும். றிபம்பிசின் என்னும் மாத்திரை சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அது இரத்தமன்று, பயந்து மருந்தை நிறுத்தற்க.

குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயமல்ல. பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம், அதற்கும் கட்டணமில்லை. எட்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். தாய் மறைக்க விரும்புவதைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? அங்கே ‘தடிமன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் வேண்டாம். எந்த நாளில் தொடங்கியது, எத்தனை வாரமாயிற்று, சளியின் நிறமென்ன, அதில் இரத்தம் கண்டதா, காற்சட்டை தளர்ந்துவிட்டதா என்பவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்த்து வாசிப்பார்.