ஏசியில் கேஸ் தீராது

தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய மாடிவீடு ஒன்றில் ஏசியின் அவுட்டோர் யூனிட்டைப் பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். மூன்று நான்கு வருடம் ஓடிய யூனிட்டாக இருந்தால், வரிவரியாக நிற்கும் அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் தடவினால் தகடே உதிரும். செம்புக் குழாய் வளைந்து திரும்பும் இடங்களில் பச்சை படிந்திருக்கும். வீட்டுக்குள் அந்த ஏசி இன்னும் குளிர்ச்சியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். பழுது தொடங்கி எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். உள்ளே படுத்திருப்பவருக்கு அது தெரியாது.

அந்தப் பச்சை, தொல்லியல் துறையினருக்கு நன்றாகப் பழக்கமானது. மண்ணிலிருந்து எடுக்கும் செப்புக் காசிலும் வெண்கலப் பொருளிலும் உப்பு ஏறியிருந்தால், அருங்காட்சியகப் பெட்டிக்குள் வைத்த பிறகும் இளம்பச்சைப் பொடி கிளம்பும். இதை வெண்கல நோய் என்பார்கள். உப்பில் இருக்கும் குளோரைடு செம்போடு சேர்கிறது. அந்தச் சேர்மத்துக்கு ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் பச்சைப் பொடியாகிறது. கூடவே கொஞ்சம் அமிலமும் பிறக்கிறது. அந்த அமிலம் அடியிலுள்ள செம்பைத் தின்ன, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பாண்டியர் காலத்துச் செப்புக் காசில் நடக்கும் அதே வேதியியல்தான் ஏசிக் குழாயிலும் நடக்கிறது. காசு கனமானது, தாங்கும். ஏசிக் காயிலின் குழாய்ச் சுவரோ அரை மில்லிமீட்டர் கூட இருக்காது.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி உப்பாக மிதந்து வருகின்றன. பெரிய துளிகள் முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். கடலை விட்டு விலக விலகப் படியும் உப்பு வேகமாகக் குறைகிறது. இதைப் புரிந்துகொள்ளக் கொற்கையை நினைத்துப் பாருங்கள். முத்துக்குப் பேர்போன அந்தத் துறைமுகம் ஒருகாலத்தில் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப் போனது. 1870களில் மொழியறிஞர் கால்டுவெல் அங்கே தோண்டிப் பார்த்தபோதே அது உள்நாட்டு ஊர்தான். இன்று கொற்கைக் கிராமத்திலிருந்து கடல் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் ஏசியை அங்கே ஒன்றும் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் ஒன்றும் மாட்டினால், இரண்டுக்கும் ஒரே ஆயுள் இருக்க வழியில்லை.

தூத்துக்குடிக்கு இன்னொரு தனிக் குணம் உண்டு. மழை குறைவு. உப்பளத் தொழிலுக்கு அது வரம். ஏசிக்கு அது கேடு. மழை பெய்தால் படிந்த உப்பு கழுவிப் போகும். பெய்யாவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால்தான் வெயிலும் மழையும் படட்டும் என்று திறந்தவெளியில் விட்ட யூனிட்டைவிட, பத்திரமாக இருக்கட்டும் என்று சன்ஷேடுக்கு அடியில் ஒதுக்கி வைத்த யூனிட் சில இடங்களில் சீக்கிரம் அரித்துப் போகிறது. கிடக்கும் உப்பு சும்மாவும் இருப்பதில்லை. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். கடல் உப்பிலோ மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். கச்சான் காற்று வறட்டி எடுக்கும் மாதங்களில்கூடத் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் காயாமல் இருக்கிறது. கொண்டல் அடிக்கும்போது சொல்லவே வேண்டாம்.

உப்பு நீர்ப் படலத்தில் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துக் கரையும். செம்பு அதுவரை தப்பிக்கும். வெள்ளைப் பொடி இப்படித்தான் வருகிறது. இந்த மின்வேதியியலை ஆராய்வதற்கென்றே 1953 முதல் காரைக்குடியில் ஒரு மத்திய ஆய்வகம் இயங்குகிறது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி, அவை எவ்வளவு அரிக்கின்றன என்று அளந்தவர்கள் அதன் விஞ்ஞானிகள். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தவைத்ததும் இந்தக் கடற்காற்றின் அரிப்புதான். அவ்வளவு பெரிய இரும்பையே பதம் பார்த்த காற்று ஏசியின் மெல்லிய தகட்டை விட்டுவைக்குமா?

பழுது வரும் வரிசை தெரிந்தால் அடையாளம் காண்பது எளிது. முதலில் தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே பொடி புகுந்து பிடிப்பு தளர்கிறது. குழாயின் சூடு தகட்டுக்குப் போகாது; தகட்டிலிருந்து காற்றுக்கும் போகாது. கம்ப்ரசர் கூடுதல் அழுத்தத்தில் முக்கி முக்கி ஓடும். அறை குளிரத்தான் செய்யும், ஆனால் முன்பு கால் மணியில் குளிர்ந்தது முக்கால் மணி எடுக்கும். கரண்ட் பில் ஏறும். உச்சி வெயிலில் மட்டும் ஏசி அடிக்கடி நின்று நின்று ஓடினால் அதுவும் இந்தக் கட்டத்தின் அறிகுறிதான்.

பிறகு கசிவு. இங்கேதான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். “வருஷம் ஒருதடவை கேஸ் ஏத்தணும்” என்று சொல்வதைப் பலர் அப்படியே நம்புகிறார்கள். ஏசி வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகி, ஏசியின் ஆயுள் முழுக்க அதே வாயுதான் சுற்றுகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால், கொடுத்த பணமும் அதே ஓட்டை வழியாகப் போகும்.

கேஸ் குறைந்தால் உள்ளே ஐஸ் கட்டும் என்பது கேட்பவரைக் குழப்பும். குளிர் குறைய வேண்டிய இடத்தில் ஐஸ் ஏன்? இப்போது வரும் பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 வாயு, திறந்த காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் அழுத்தம் கொடுத்து அதை ஐந்து, பத்து டிகிரியில் கொதிக்க வைக்கிறார்கள். வாயு கசிந்து அழுத்தம் இறங்கினால் கொதிநிலையும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். கடற்கரைக் காற்றின் ஈரம் காயிலின் ஒரு பகுதியில் உறைந்து காற்று போகும் வழியை அடைக்கும். மீதிக் காயில் குளிராமலே கிடக்கும். அழுக்கடைந்த ஃபில்டரும் ஐஸ் கட்ட வைக்கும். ஆகவே முதலில் ஃபில்டரைக் கழுவிப் போடுங்கள். அதன்பிறகும் ஐஸ் வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இன்னும் சில அடையாளங்களை வீட்டிலேயே பார்க்கலாம். டெம்பரேச்சரைக் குறைத்து வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, ஏசி உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் சாதாரணத் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். பத்து டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருந்தால் நல்லது. நாலைந்துதான் இருக்கிறது என்றால் கோளாறு. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால் அதுதான் கசியும் இடம். கம்ப்ரசர் எண்ணெய் வாயுவோடு சேர்ந்து சுற்றுவதால் ஓட்டையில் அது தடம் வைத்துவிட்டுப் போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ட்ரெயின் குழாயில் தண்ணீர் சொட்டத்தான் வேண்டும். அறையும் குளிராமல் குழாயும் காய்ந்து கிடந்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் உள்பக்கச் சுவரில் வழிந்தால் அது பெரும்பாலும் ட்ரெயின் அடைப்பு. அவுட்டோர் உறுமிவிட்டுக் கிளம்பாமல் நின்றால் கெப்பாசிட்டராக இருக்கலாம், சின்னச் செலவு.

உப்பே தொடாத இன்டோர் காயிலிலும் ஓட்டை விழுவதுண்டு. பிளைவுட், பசை, சில துப்புரவுத் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் கரிம அமில ஆவி, ஈரத்தோடு சேர்ந்து செம்புக்குள் கிளைகிளையாகச் சுரங்கம் தோண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எறும்புப் புற்றேதான். வெளியிலிருந்து ஒரு புள்ளிகூடத் தெரியாது. இந்த மாதிரிக் கசிவைக் கண்ணால் தேடிப் பயனில்லை. நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பொறுமையாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

உப்பரிப்பைத் தள்ளிப்போட, மாதம் ஒருமுறை கரண்டை அணைத்துவிட்டு அவுட்டோர் தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ஊற்றாதீர்கள். உப்பைக் கழுவ உப்பையே ஊற்றிய கதையாகிவிடும். நீலப் பூச்சுப் பூசிய தகடு கொஞ்சம் கூடுதல் காலம் தாங்கும், ஆனால் அதையும் கழுவத்தான் வேண்டும். அப்படியே யூனிட்டைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டையும் போல்ட்டுகளையும் பாருங்கள். தெருவைப் பார்த்துத் தொங்கும் யூனிட்டில் துரு ஏறிய போல்ட் இருந்தால், குளிர்ச்சி பற்றிய கவலைக்கு முன்னால் அதை மாற்றுங்கள். மெக்கானிக் கேஸ் சிலிண்டரைத் திறக்கும் முன், கசிவு எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.