லாஸ்ட் நேம் கேட்கும் கடை

ஈரோட்டுக்காரர் ஒருவர் இணையதளத்தில் மிக்ஸி வாங்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொருள் பிடித்திருக்கிறது, விலையும் ஒத்துவருகிறது. பில் போடும் பக்கத்துக்கு வந்தால் ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்று இரண்டு கட்டங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இருப்பது இனிஷியல். இரண்டாவது கட்டத்தில் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் வருகிறது. புள்ளி சேர்த்தால், குறிகள் கூடாது என்கிறது. வேறு வழியில்லாமல் அப்பாவின் பெயரை முழுதாக எழுதுகிறார். தன் பெயரையே இரண்டு முறை எழுதுபவர்களும் உண்டு. அடுத்து மாநிலம். ஆங்கில அகரவரிசையில் 28 மாநிலங்களும் 8 யூனியன் பிரதேசங்களும் வரிசை கட்டி நிற்க, தமிழ்நாடு கிட்டத்தட்ட அடியில் கிடக்கிறது. இத்தனைக்கும் மேல்வரியிலேயே 6 இலக்கப் பின்கோடை வாங்கியாகிவிட்டது. 1972 முதல் புழக்கத்தில் இருக்கும் அந்த எண்ணை வைத்தே ஊரையும் மாநிலத்தையும் தளம் நிரப்பிக்கொள்ளலாம். தனக்குத் தெரிந்ததையே கடை திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இணையதளத்தைச் சீர்செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், தொழில் நடத்துபவரின் கை முதலில் போவது நிறத்துக்கும் லோகோவுக்கும் முகப்பில் தானாக நகரும் படங்களுக்கும்தான். மிக்ஸி வாங்க வந்தவரைத் தடுத்தது இவற்றில் எதுவும் இல்லை. மிக்ஸியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முகவரியும் போன் நம்பரும் போதும். எங்கோ, யாருக்காகவோ எழுதப்பட்ட மென்பொருளில் ‘லாஸ்ட் நேம்’ என்றொரு கட்டம் இருக்கிறது, நிரப்பாவிட்டால் அது நகராது, அவ்வளவுதான். தளங்கள் வாடிக்கையாளரை எங்கெல்லாம் படுத்துகின்றன என்று தேடிப் போனால் பெரும்பாலும் கிடைப்பது இதுதான்: கடை தன் வசதிக்காகக் கேட்கும் ஏதோ ஒன்று, வந்தவரின் வேலைக்குக் குறுக்கே படுத்திருக்கும். அதனால் சீர்செய்வதில் பெரும் பங்கு எடுத்துப் போடும் வேலை. எதை எடுப்பது என்று வரும்போதுதான் கடைக்காரருக்கு வலிக்கும்.

இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ஒரு பொத்தானின் கதை. பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதியது. அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் தளத்தில், கூடையை நிரப்பிவிட்டுப் பணம் கட்டப் போனால் நடுவில் ஒரு படிவம் நிற்கும். மின்னஞ்சல், பாஸ்வேர்ட் என இரண்டே கட்டங்கள். ‘லாகின்’, ‘ரெஜிஸ்டர்’ என இரண்டே பொத்தான்கள். அடிக்கடி வாங்குபவருக்கு வேலை சீக்கிரம் முடியும், புதியவர் ஒருமுறை பதிந்தால் போதும் என்பது வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கு. ஆட்களை உட்காரவைத்து வாங்கச் சொல்லிப் பார்த்தபோது இரண்டுமே பொய்த்தன. புதியவர்கள் பதிவு என்றதுமே முகம் சுளித்தார்கள். பழையவர்களில் பலருக்கு எந்த மின்னஞ்சலில் பதிந்தோம் என்பதே நினைவில்லை. நிறுவனத்தின் பதிவேட்டைத் தோண்டினால், வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தன. மறந்த பாஸ்வேர்டைக் கேட்டு நாளொன்றுக்கு 1,60,000 கோரிக்கைகள் வரை வந்தன. கேட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் வாங்காமலே போய்விட்டார்கள். ‘ரெஜிஸ்டர்’ பொத்தானை எடுத்துவிட்டு ‘தொடரவும்’ என்று ஒன்றை வைத்தார்கள். கணக்குத் தொடங்காமலே வாங்கலாம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள், முதல் ஆண்டில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர் என்கிறார் ஸ்பூல். நிறுவனத்தின் பெயரை அவர் அந்தக் கட்டுரையில் சொல்லவில்லை என்பதால் தொகையை அவர் வாக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். தொகையைவிட அந்த 1,60,000தான் கவனிக்கத்தக்கது. அத்தனை முறையீடுகள் தினமும் வந்து குவிந்தும், மறதி வாடிக்கையாளருடையது என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் எல்லாரும் படிவத்தைக் கண்டு ஓடியவர்களா என்று கேட்கலாம். இல்லைதான். டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளிலிருந்து திரட்டிய சராசரிப்படி, நிரப்பப்படும் கூடைகளில் 70 சதவீதம் அளவுக்குக் கைவிடப்படுகின்றன. அவற்றில் பெரும் பங்கு சும்மா விலை பார்க்க வந்தவர்களுடையது. ஜவுளிக்கடையில் இருபது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களை யாரும் பிடித்துவைக்க முடியாது. ஆனால் துணியை எடுத்து, கல்லா வரை வந்து, பர்ஸைத் திறந்தபின் திரும்புகிறவர் வேறு ரகம். அவரைத் திருப்பி அனுப்பியது கடை.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் விவரம் கையில் இருந்தால்தானே நாளை அவரைத் திரும்ப அழைக்க முடியும்? இந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். 2015இல் ஃபிளிப்கார்ட் தன் மொபைல் இணையதளத்தை மூடி, போனில் வந்தவர்களை ஆப் பக்கம் தள்ளியது. அதே ஆண்டு மே மாதம் மிந்த்ரா கணினித் தளத்தையும் சேர்த்து மூடிவிட்டு, இனி ஆப் மட்டும்தான் என்றது. கடையின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது: ஆப் வைத்திருப்பவருக்கு நினைத்த நேரத்தில் அறிவிப்பு அனுப்பலாம், அவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். வாங்குபவரின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு சட்டைக்காக டேட்டாவைச் செலவழித்து, ஏற்கெனவே வாட்ஸாப் வீடியோக்களால் நிரம்பி வழியும் போனில் இடம் ஒதுக்க வேண்டும். 2015 நவம்பரில் ஃபிளிப்கார்ட், ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்ற பளுக் குறைந்த மொபைல் தளத்தோடு திரும்பி வந்தது. முன்பைவிட மூன்று மடங்கு நேரம் மக்கள் அதில் இருந்தார்கள் என்கிறது கூகுள் வெளியிட்ட விவரம். மிந்த்ரா 2016 ஜூனில் கணினித் தளத்தைத் திறந்தது. விவரமே கேட்கக் கூடாது என்பதல்ல வாதம். பணம் கட்டி முடித்தபின், ‘இந்த முகவரியை வைத்துக்கொள்ளட்டுமா’ என்று கேட்டால் பலர் சரி என்பார்கள். வாசலில் மறித்துக் கேட்பதில்தான் வில்லங்கம்.

அழகுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் குரோசுவும் காஷிமுராவும் ஏடிஎம் திரைக்கு 26 வகை அமைப்புகளை வரைந்து 252 பேரிடம் காட்டினார்கள். எது பார்க்க அழகாக இருந்ததோ, அதுவே கையாள எளிது என்றும் மக்களுக்குத் தோன்றியது. தோன்றியது என்பதுதான் முக்கியம். உண்மையான எளிமையோடு அந்த எண்ணம் அவ்வளவாகப் பொருந்தவில்லை. அழகு உள்ளே வரவைக்கும். வந்தவர் வேலையை முடிப்பாரா என்பது வேறு கணக்கு. அதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது இத்தாலியின் வோடஃபோன். 2021இல் வெளியான அந்தச் சோதனையில் ஒரே பக்கத்தை, தோற்றத்தில் எந்த வேறுபாடும் இல்லாமல், இரண்டு விதமாகக் கட்டினார்கள். ஒன்றில் பக்கத்தின் முக்கியப் பகுதி 31 சதவீதம் வேகமாகத் திரைக்கு வந்தது. அதில் விற்பனை 8 சதவீதம் அதிகம். முகப்பில் நகரும் கனமான படங்கள் போன்றவைதான் இந்த வேகத்தைத் தின்கின்றன. உரிமையாளர் அதை அலுவலக வைஃபையில், புதுப் போனில் பார்த்து மகிழ்கிறார். பேருந்தில் உட்கார்ந்து மலிவுப் போனில் பார்ப்பவருக்கு வெள்ளைத் திரைதான் தெரிகிறது. பத்து வினாடிக்கு மேல் போனால் மனம் வேறு வேலைக்குத் தாவிவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993இலேயே எழுதிவிட்டார்.

இன்னொரு சாராரின் வாதம் பச்சையாக இருக்கும்: வாடிக்கையாளரைச் சற்று நெருக்கினால் விற்பனை கூடுகிறதே! ‘இன்னும் 2 மட்டுமே இருப்பு’ என்ற பொய், கேட்காமலே கூடையில் ஏறும் காப்பீடு, ஒரே தட்டில் சேர்ந்து ஒன்பது தட்டிலும் விலக முடியாத சந்தா, இவையெல்லாம் அந்த மாதக் கணக்கில் லாபமாகத்தான் தெரியும். வரும் திட்டும் பணம் திரும்பக் கேட்பவர்களும் அடுத்த மாதக் கணக்கில், வேறொரு துறையின் மேசையில் இருப்பார்கள். இப்போது இது சட்டச் சிக்கலும்கூட. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. போலி அவசரம், கூடையில் பொருளைத் திணிப்பது, சந்தாப் பொறி மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குச் சரி, பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கு ஏது ஆய்வாளர் என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே குறைகளில் சுமார் 85 சதவீதம் அகப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். மறு ஆண்டே அதை மறுத்தவர்களில் ஒருவர், பொத்தான் கதை சொன்ன அதே ஸ்பூல். தாங்கள் சோதித்த தளங்களில் முதல் ஐந்து பேர் கண்டுபிடித்தது 35 சதவீதம்தான் என்றார். சின்னக் கடைக்கு இந்தச் சண்டையில் பக்கம் சேர வேண்டிய அவசியமில்லை. ஒருவரைக்கூட உட்காரவைத்துப் பார்க்காத தளத்துக்கு, அந்த 35 சதவீதமே பெரிய வரவு.

செலவு, ஒரு பழைய போனும் ஒரு பிற்பகலும். கடையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒரு பொருளை வாங்கி, பிறகு அதைத் திருப்பி அனுப்பவும் சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பும் வழியைப் பல தளங்கள் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறச் சின்ன எழுத்தில் ஒளித்து வைத்திருக்கும். தமிழ்ப் பக்கம் இருந்தால் அதையும் திறக்கச் சொல்லலாம். கூடையைக் குறிக்கும் ‘கார்ட்’டை மொழிபெயர்ப்பு இயந்திரம் ‘வண்டி’ ஆக்கி, மிக்ஸியை வண்டியில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இதில் கடினமான வேலை உரிமையாளருக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், ‘அங்கே இல்லை, மேலே அந்த மூணு கோட்டை அமுக்குங்க’ என்று வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.