இடித்த கம்பெனியே கட்டிக் கொடுத்தது!

லண்டன் நகர மக்கள் நடத்திய விசித்திரப் போராட்டம்

ஒரு கட்டிடத்தை இடித்துத் தள்ள எத்தனை நேரம் ஆகும்? ஒரே நாள் போதும்.

அதே கட்டிடத்தை, பழையபடியே, செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்ட எத்தனை நாள் ஆகும்? லண்டனில் அதற்கு 6 ஆண்டுகள் ஆயின!

லண்டனின் வடமேற்கே கில்பர்ன் என்ற பகுதி இருக்கிறது. அங்கே "கார்ல்டன் டாவர்ன்" என்று ஒரு மதுக்கடை. முதல் உலகப்போரின்போது விழுந்த ஜெர்மன் குண்டினால், அந்த இடத்தில் இருந்த பழைய கடை நாசமாகிவிட்டது. அதற்குப் பதிலாக 1920-21-ம் ஆண்டில் புதிதாகக் கட்டப்பட்டதுதான் இது. இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டுமாரி பொழிந்தது. அப்போதும் இந்தக் கட்டிடம் தப்பிப் பிழைத்தது.

ஹிட்லரின் விமானங்களுக்குத் தப்பிய கட்டிடம், புல்டோசருக்குத் தப்பவில்லை!

"கணக்கெடுக்க வேண்டும்"

கடை இருந்த இடத்தை ஒரு கம்பெனி வாங்கியது. கடையை எடுத்துவிட்டு, அங்கே அடுக்கு வீடுகள் கட்ட வேண்டும் என்பது அதன் திட்டம். வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை அனுமதி தர மறுத்துவிட்டது.

2015-ம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகை வந்தது. சரக்கு இருப்பைக் கணக்கெடுக்க வேண்டும், கடையை மூடிவையுங்கள் என்று, கடையை நடத்தி வந்த பெண்மணிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவரும் மூடினார்.

ஏப்ரல் 8-ந்தேதி இயந்திரங்கள் வந்தன. அக்கம்பக்கத்தார் என்ன ஏது என்று கேட்பதற்குள், கடை செங்கல் குவியலாகிவிட்டது! உள்ளே இருந்த சாமான்களைக்கூட வெளியே எடுக்கவில்லை.

பழமையான கட்டிடம் என்று அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க அரசாங்கத் தரப்பில் ஏற்பாடு நடந்து வந்த நேரம் அது. அதற்குள் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

முன்யோசனை

இனி என்ன செய்ய முடியும்? போனது போனதுதான் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பகுதி மக்கள் அப்படி நினைக்கவில்லை.

இப்படி ஏதாவது நடக்கும் என்று அவர்கள் முன்பே சந்தேகப்பட்டிருந்தார்கள். அதனால் பழங்காலக் கட்டிடங்களைப் பாதுகாக்கும் துறைக்கு மனு கொடுத்திருந்தார்கள். அத்துறையினர் வந்து, சுவரில் பதித்த ஓடுகள் வரை விவரமாகக் குறித்து வைத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்தக் குறிப்புகள்தான் இப்போது கைகொடுத்தன.

மக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கிளர்ச்சி செய்தார்கள். நகரசபையும் சும்மா இருக்கவில்லை. "இடித்த கடையை இருந்தது இருந்தபடியே கட்டிக் கொடுக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டது. கம்பெனி அப்பீல் செய்தது. பொது விசாரணை நடந்தது. 2016-ம் ஆண்டில் அப்பீல் தோற்றது!

இடிபாடுகளில் கிடைத்த பழைய செங்கற்களையும் சேர்த்துச் சுவர் எழும்பியது. 2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கடை மீண்டும் திறக்கப்பட்டது. கொரோனா கட்டுப்பாடுகள் தளர்ந்து, திறந்தவெளியில் அமர்ந்து குடிக்கலாம் என்று அனுமதி கிடைத்த சமயம் அது.

குடிக்கடைக்கா இத்தனை பாடு?

ஒரு குடிக்கடைக்காகவா இவ்வளவு பெரிய போராட்டம் என்று நம் ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இங்கிலாந்தில் இதை "பப்" என்று சொல்கிறார்கள். "பப்ளிக் ஹவுஸ்" என்பதன் சுருக்கம் அது. அதாவது பொது வீடு. குடிப்பதற்கு மட்டும் அல்ல. சாப்பிடவும், ஊர் வம்பு பேசவும், கல்யாண விருந்து வைக்கவும், கருமாதிக்குப் பிறகு கூடி உட்காரவும் அதுதான் இடம்.

புறநகர் பப்களின் கதை தனிக்கதை. முதல் உலகப்போருக்குப் பிறகு லண்டன், பர்மிங்காம் போன்ற நகரங்களைச் சுற்றிலும் புதுப்புதுக் குடியிருப்புகள் தோன்றின. நகரத்துக்குள் இருந்த இருட்டுக் கடைகளுக்குக் கெட்ட பெயர். அதைப் போக்க பீர் கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. புறநகரில் மாளிகை போன்ற கடைகளைக் கட்டின. வெளிச்சமான கூடங்கள், சாப்பாட்டு அறை, பூந்தோட்டம், பந்து விளையாடப் புல்தரை! குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். நகரத்தில் உள்ள பழைய லைசென்சை ஒப்படைத்துவிட்டு, புறநகரில் புது லைசென்சு வாங்குவதும் உண்டு.

இடமே எமன்

எந்த விசாலமான இடம் பெருமையாக இருந்ததோ, அதுவே பிற்காலத்தில் எமனாக வந்தது.

வீட்டிலேயே டெலிவிஷன் வந்தது. பல்பொருள் அங்காடியில் பீர் மலிவாகக் கிடைத்தது. 2007-ல் உள்ளே புகை பிடிக்கக்கூடாது என்று தடை வந்தது. கூட்டம் குறைந்தது. ஆனால் நிலத்தின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. வியாபாரத்தைவிட மனைக்கு மதிப்பு அதிகம்! பெரிய தோட்டத்தோடு இருந்த கடைகள் வீடு கட்டுவோரின் கண்ணில் பட்டன.

2000-ம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் 60 ஆயிரம் பப்கள் இருந்தன. 20 ஆண்டுகளில் அது 47 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

2015-ம் ஆண்டில் அரசாங்கம், இரு போர்களுக்கும் இடையே கட்டப்பட்ட 21 பப்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் எந்தப் பப்பையும் திட்ட அனுமதி இல்லாமல் இடிக்கவோ, வேறு கடையாக மாற்றவோ கூடாது என்று 2017-ல் விதி வந்தது.

கோணல் வீடு

விதி இருந்தால் போதுமா? போதாது என்று காட்டியது "குரூக்கெட் ஹவுஸ்".

ஸ்டாபர்ட்ஷயரில், டட்லி நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த பப் இது. பெயருக்குப் பொருள் "கோணல் வீடு". அடியில் நிலக்கரி வெட்டியதால் பூமி இறங்கி, கட்டிடம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உள்ளே கோலிக்குண்டை உருட்டினால் மேட்டை நோக்கி ஓடுவது போல் தோன்றும்! அதைப் பார்க்கவே ஜனங்கள் வருவார்கள்.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி இரவு அது தீப்பிடித்து எரிந்தது. 7-ந்தேதி மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். அது பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. மறு ஆண்டு பிப்ரவரியில், திரும்பக் கட்டிக் கொடுக்கும்படி கவுன்சில் உத்தரவிட்டது. உரிமையாளர்கள் அப்பீல் செய்தார்கள்.

371 பேர் முதலாளிகள்

இடித்த பிறகு வழக்காடுவதைவிட, இடிக்கும் முன்பே காப்பது மேல் அல்லவா? அதைச் செய்து காட்டியவர்கள், தென்கிழக்கு லண்டனில் நன்ஹெட் பகுதி மக்கள்.

1930-களில் கட்டப்பட்ட "ஐவி ஹவுஸ்" அவர்களுடைய கடை. 2012-ல் அது மூடப்பட்டது. விற்கவும் ஏற்பாடு ஆனது. 2011-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்களுக்குத் துணை நின்றது. ஊருக்குப் பயன்படும் சொத்து என்று ஓர் இடத்தைப் பதிவு செய்துவிட்டால், அது விலைக்கு வரும்போது, பணம் திரட்ட ஊராருக்கு 6 மாதம் வரை தவணை கிடைக்கும். அப்படி முதன்முதலில் பதிவான கட்டிடம் ஐவி ஹவுஸ்தான்.

கடனும் மானியமும் வாங்கி, 8 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டுக்குக் கடையை வாங்கினார்கள். 371 பேர் பங்கு எடுத்துக்கொண்டார்கள். 2013-ம் ஆண்டு ஆகஸ்டில் கதவு திறந்தது. லண்டனில் கூட்டுறவு முறையில் நடந்த முதல் பப் அதுதான்!

கார்ல்டனைக் காப்பாற்றியதும், ஐவி ஹவுசைக் காப்பாற்றியதும் வெறும் சட்டம் அல்ல. ஆபத்து வரும் முன்பே விழித்துக்கொண்ட மனிதர்கள். ஓட்டை எண்ணிக் குறித்து வைக்கச் செய்தவர்களும், ஊர்ச் சொத்து என்று பதிவு செய்தவர்களும் தூங்கியிருந்தால், இரண்டு இடத்திலும் இன்று அடுக்கு வீடுகள்தான் நின்றிருக்கும்.

பழைய கட்டிடம் எதுவானாலும் சரி. கோவில் மண்டபமோ, சத்திரமோ, பள்ளிக்கூடமோ! இருக்கும்போதே குறித்து வைப்பவர்கள்தான், இடிந்த பிறகு கேட்க முடியும்.