உருளையில் நீண்ட காசுகள்

அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களின் பழைய நினைவு வில்லைகளைச் சேகரிப்போரிடையே தனி மதிப்புப் பெற்றது நீள்காசு, அதாவது புழக்கத்திலுள்ள காசை இரண்டு எஃகு உருளைகளுக்கிடையே செலுத்தி, முட்டை வடிவில் நீட்டி, உருளையில் செதுக்கிய படத்தை அதன்மேல் பதித்துத் தரும் நினைவுப் பொருள். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டையொட்டி 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் சுழன்ற அதே விழாவில்தான், இவ்வழக்கம் அங்கே வேர்விட்டது.

இக்காசைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், புதிய படத்துக்கு அடியில் பழைய முகமும் எழுத்தும் இழுபட்ட நிழலாகத் தெரிவதுண்டு. ஒரே பொருளில் அரசின் முத்திரையும் விழாவின் முத்திரையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இந்த அழகு வேறெந்த வில்லையிலும் எளிதில் வாய்ப்பதில்லை. அடியில் ஆண்டு தெரிந்தால், அதற்கு முன் அது அழுத்தப்பட்டிருக்க முடியாது என்பது மட்டும் உறுதியாகும். பழைய காசைப் பின்னாளில் அழுத்தியிருக்கலாம் என்பதால், அதுவே காலத்துக்குச் சான்றாகாது.

உலோகமும் கவனிக்கத்தக்கது. 1982இல் அமெரிக்க சென்ட், 95 விழுக்காடு செம்பு கொண்ட கலவையிலிருந்து செம்புப் பூச்சுடைய துத்தநாகத்துக்கு மாறியது. புதிய காசை அழுத்தும்போது பூச்சு கிழிந்து வெள்ளிநிறக் கோடுகள் தோன்றுவதால், தேர்ந்த சேகரிப்பாளர் அதற்கு முந்தைய செம்புக் காசுகளையே தேடி எடுத்துச் சென்று பொறியில் இடுகின்றனர்.