கிழிந்த இடமே சாட்சி
எண்ணெய் டின்னும் எவர்சில்வர் பாத்திரமும்: வியாபாரிகள் அறிய வேண்டிய தகட்டுச் செய்திகள்

நம் கடைகளில் தகடு இல்லாத மூலை கிடையாது. எண்ணெய் டின், நெய் டின், பருப்பு கொட்டி வைக்கும் டிரம், தராசுத் தட்டு, கடை ஷட்டர், கிடங்குக் கூரை என எங்கும் தகடுதான். அரிசியைக் கையில் அள்ளியதும் பழசா புதுசா என்று சொல்லிவிடுவோம். மிளகாயை முகர்ந்தே ரகம் பிரிப்போம். சரக்கைச் சுமந்து வரும் தகட்டைப் பற்றி மட்டும் நாம் ஒருநாளும் கவலைப்படுவதில்லை.

அந்த அலட்சியத்துக்கு விலை உண்டு. லாரியில் வந்த லோடில் நாலு டின் ஒழுகியிருக்கும். கம்பெனிக்காரர் "இறக்கும்போது உங்கள் ஆள் போட்டிருப்பார்" என்பார். லாரிக்காரர் "ஏற்றும்போதே அப்படித்தான் இருந்தது" என்பார். கடைசியில் சேதாரம் என்று நம் கணக்கில் எழுதிக்கொள்வோம். பாத்திரக் கடையிலும் இதே கதைதான். விற்ற தவலை பத்தாம் நாள் விரிசலோடு திரும்பி வரும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். நமக்குப் பதில் சொல்லத் தெரியாது.

தகடு எப்படி வளைகிறது, எங்கே மெலிகிறது, எதனால் கிழிகிறது என்பது ஒரு தனி சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. அதில் பெயர் பெற்ற ஓர் ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. அதில் நம் தொழிலுக்கு உதவுவதை மட்டும் இங்கே தருகிறோம்.

தடிமன் மட்டும் தரம் ஆகாது

"கனமான தகடா?" என்பதே நாம் கேட்கும் ஒரே கேள்வி. கனம் முக்கியம்தான். ஆனால் ஒரே கனமுள்ள இரண்டு தகடுகளில் ஒன்று ஆழமான குடமாக இறங்கும். மற்றது பாதி வழியில் கிழியும். காரணம் தகட்டின் உள்குணம்.

இதை நம் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் அனுபவத்தில் அறிவார்கள். தஞ்சைக் கலைத்தட்டில் வெள்ளித் தகட்டில் சாமி உருவங்களைப் புடைப்பாக எழுப்பிப் பித்தளைத் தட்டில் பதிக்கிறார்கள். தகட்டைத் தட்டத் தட்ட அது விறைத்துப் போகும். விறைத்த பிறகும் தட்டினால் வெடிக்கும். ஆகவே இடையே அனலில் காட்டி இளக்கிக்கொள்வார்கள். எஃகுத் தகட்டுக்கும் இதுவே விதி. வளைக்கும்போதும் இழுக்கும்போதும் இறுகும். சூடேற்றி ஆறவிட்டால் மறுபடி இளகும்.

இன்னொரு குணமும் உண்டு. ஒரு தகட்டுத் துண்டை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் நீளம் கூடும். அந்த நீளத்தை அது எங்கிருந்து கொடுக்கிறது? அகலத்தைக் குறைத்துக் கொடுத்தால் தடிமன் தப்பும். தடிமனைக் குறைத்துக் கொடுத்தால் சீக்கிரம் கிழியும். இதை அளந்து சொல்லும் முறையை 1950இல் அமெரிக்காவில் லாங்க்ஃபோர்டு என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்தார்கள். அகலத்தைக் கொடுத்துத் தடிமனைக் காக்கும் தகடுதான் ஆழமான பாத்திரத்துக்கு ஏற்றது.

துவாக்குடியில் நடந்த ஆய்வு

தஞ்சையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் துவாக்குடியில் அந்தப் பெரிய கல்லூரியைப் பார்த்திருப்பார்கள். 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஆனது. அங்கே உற்பத்திப் பொறியியல் துறையில் பணிபுரிந்த பேராசிரியர் ஆர். நாராயணசாமி, தகட்டை அச்சில் அழுத்தும்போது ஏற்படும் சுருக்கத்தையும் கிழிசலையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1994இல் சவர்பி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, கூம்பு வடிவ அச்சில் தகட்டை இறக்கும்போது சுருக்கம் விழுவதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் சத்திய நாராயணனும் அவரும் கார்பன் மிகமிகக் குறைந்த ஒருவகை எஃகுத் தகட்டைச் சோதித்து, அது எதுவரை இழுபடும், எங்கே சுருங்கும், எங்கே கிழியும் என்று வரைபடங்கள் போட்டார்கள். கார் உடல் பாகங்களுக்குப் பயன்படும் மிருதுவான தகடு இது.

சோதனை முறை எளிமையானது. தகட்டின் மேல் சின்னச் சின்ன வட்டங்களை வரிசையாகப் பதிக்கிறார்கள். பிறகு உருண்டை முனையால் அழுத்துகிறார்கள். தகடு இழுபடும்போது வட்டங்கள் முட்டை வடிவமாக நீளும். கிழிந்த இடத்துக்குப் பக்கத்து வட்டம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்தால், அந்தத் தகட்டின் எல்லை தெரிந்துவிடும். ஊதாத பலூனில் பேனாவால் புள்ளி வைத்து ஊதிப் பார்த்தால் இது சட்டென்று புரியும். 1960களில் அமெரிக்காவில் கீலர், குட்வின் ஆகியோர் தொடங்கி வைத்த முறை இது.

இந்த ஆய்வுகளிலிருந்து நமக்கு வேண்டிய பாடம் ஒன்று. தகடு கண்ட இடத்தில் கிழிவதில்லை. எந்தத் தவறுக்கு எந்த இடம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கிழிந்த இடத்தைப் பார்த்தால், தவறு அச்சிலா, தகட்டிலா, கையாண்ட விதத்திலா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எண்ணெய் டின்

டின் என்கிறோமே தவிர, அது எஃகுத் தகடுதான். அதன் மேல் வெள்ளீயம் பூசியிருக்கிறார்கள். ஜாம்ஷெட்பூரை அடுத்த கோல்முரியில் 1922 முதல் இந்தத் தகடு தயாராகிறது. தகட்டின் கனம் சுமார் கால் மில்லிமீட்டர். வெள்ளீயப் பூச்சோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். துருவைத் தடுத்து நிறுத்துவது அந்த மெல்லிய பூச்சே.

இவ்வளவு மெல்லிய தகடு 15 கிலோ எண்ணெயைத் தாங்குவது எப்படி? டின்னின் பக்கங்களில் கோடு கோடாக அழுத்தியிருப்பதைப் பாருங்கள். அலங்காரத்துக்காக அல்ல அது. தட்டையான தகடு எளிதில் நெளியும்; மடிப்பு விழுந்த தகடு விறைப்பாக நிற்கும். கூரைத் தகட்டை அலை அலையாக அடிப்பதும் இதற்காகவே.

அடுக்கும்போது மேல் டின்களின் பாரம் கீழ் டின்னின் நாலு மூலை வழியாகவே பெரிதும் இறங்குகிறது. பக்கச் சுவர் நேராக இருக்கும்வரை அது ஆச்சரியப்படும் அளவுக்குச் சுமக்கும். ஓர் ஒடுக்கு விழுந்துவிட்டால் தாங்கும் சக்தி மளமளவென்று குறைந்துவிடும். காலியான குளிர்பானக் கேனின் மேல் நேராகக் கால் வைத்தால் நிற்கும். பக்கத்தில் விரலால் தொட்டால் நசுங்கிவிடும். ஆகவே ஒடுக்கு விழுந்த டின்னை ஒருபோதும் அடியில் வைக்கக்கூடாது. மேல் வரிசையில் வைத்து முதலில் விற்றுவிட வேண்டும். மடிப்பில் ஒடுக்கு விழுந்திருந்தால் அன்றைக்கே மாற்றி ஊற்றிவிடுவது நல்லது. மூடியும் அடித்தகடும் உடலோடு சேரும் இரட்டை மடிப்பில் ஐந்து தகட்டு அடுக்குகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடி ஓரிடத்தில் தளர்ந்தாலும் கசிவு நிற்காது.

காலி டின்னை மறுபடி நிரப்பும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். தகடு மடிந்த இடத்தில் ஏற்கெனவே இறுகியிருக்கிறது. அதை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் வெள்ளீயப் பூச்சு வெடித்து உள்ளிருக்கும் எஃகு வெளியே தெரியும். நம் டெல்டாவின் ஈரக்காற்றுக்கு, அதிலும் நாகப்பட்டினக் கரையின் உப்புக்காற்றுக்கு, அது போதும். சட்டமும் இதையே சொல்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதி விதிகளின்படி, ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் மறுபடி உணவுப் பொருளை அடைத்து விற்கக்கூடாது. துருப்பிடித்த டின்னும் உணவுக்கு ஆகாது.

எவர்சில்வரும் காந்தமும்

தமிழ்நாட்டில் சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். 1980களில் அங்கே எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கினார்கள். அதன் பிறகு எவர்சில்வர் நம் வீடுகளில் சாதாரணப் பொருளாகிவிட்டது.

காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் ஒசத்தி என்று நம்மில் பலர் நம்புகிறோம். இது சரியான சோதனை அல்ல. 304 என்னும் உயர்ந்த ரகத்தில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். தட்டையாக இருக்கும்போது அதில் காந்தம் ஒட்டாது. அதையே ஆழமாக அழுத்திப் பாத்திரமாக்கினால், உள் அமைப்பு ஓரளவு மாறி, வளைந்த இடங்களில் காந்தம் இலேசாக இழுக்கும். மறுபுறம், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசைத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை நம்பி நல்ல சரக்கைத் தள்ளவும் வேண்டாம், மட்டமான சரக்கைக் கொள்ளவும் வேண்டாம். தட்டுக்கும் மூடிக்கும் பயன்படும், நிக்கல் இல்லாத 430 ரகம் காந்தத்தில் நன்றாக ஒட்டும்; அதுவும் உண்மையான எவர்சில்வர்தான்.

இப்போது அந்தத் தவலைக்கு வருவோம். நிக்கல் குறைந்த தகட்டை ஆழமாக இறக்கி, சூடேற்றி இளக்காமல் விட்டுவிட்டால், இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து, யாரும் தட்டாமலே, விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நேர்கோடாக வெடிக்கும். இதில் வாடிக்கையாளர் தவறும் இல்லை, கடைக்காரர் தவறும் இல்லை.

சரக்கு இறக்கும்போது பார்க்க வேண்டியவை

1. பாத்திரத்தின் அடி வளைவுக்குச் சற்று மேலே சுற்றுவாக்கில் கிழிசல்: அச்சில் இறக்கும்போது தகடு தன் எல்லையைத் தாண்டியிருக்கிறது. தயாரித்தவர் பொறுப்பு.

2. விளிம்பில் அலை அலையான சுருக்கம்: அச்சில் தகட்டைப் பிடித்த அழுத்தம் போதவில்லை. இதுவும் தயாரித்தவர் பொறுப்பு.

3. அடிபட்ட தடம் இல்லாமல் விளிம்பிலிருந்து நேராக இறங்கும் விரிசல்: தகட்டு ரகமோ, இளக்காமல் விட்டதோ காரணம். திருப்பி அனுப்ப நியாயம் உண்டு.

4. டின் மடிப்பில் ஒடுக்கு இல்லாமல் கசிவு: மடிப்பு சரியாக விழவில்லை. நிரப்பிய இடத்தில் கேட்க வேண்டும்.

5. ஒடுக்கும் கசிவும் ஒரே இடத்தில்: வழியில் அடிபட்டது. லாரியிலிருந்து இறக்கும்போதே பார்த்து, ரசீதில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மறுநாள் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2024இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்திருக்கிறது. பண்டிகைக்கு வாடிக்கையாளர்களுக்குப் பாத்திரம் பரிசளிக்கும் மளிகைக் கடைக்காரர்களும் கொள்முதலில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். நம் கடைப் பெயர் பொறித்துக் கொடுக்கும் பாத்திரம் வெடித்தால், வெடிப்பது நம் பெயருக்குப் பக்கத்தில்தான்.

நம் சங்கத்து உறுப்பினர்கள் எல்லோரும் இந்த ஐந்தையும் ஒரு அட்டையில் எழுதிக் கிடங்கு வாசலில் மாட்டி, சரக்கு இறக்கும் ஆட்களுக்கும் சொல்லித் தர வேண்டுகிறோம். ஒருவர் கேட்டால் தகராறு என்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரி கேட்டால் அது வழக்கமாகிவிடும். ஆதாரத்தோடு நியாயம் கேட்டால், பிறர் செய்த சேதாரத்தை நாம் சுமக்க வேண்டியிருக்காது.