இன்குபேட்டருக்குள் எக்ஸ்ரே: பயம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

"பிஞ்சு உடம்பு, இதுக்கு இத்தனை படமா?" பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் பாட்டிகளிடம் அடிக்கடி கேட்கலாம். தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல இது.

எதற்காக எடுக்கிறார்கள்?

28, 30 வாரங்களில் பிறந்த குழந்தைக்கு நுரையீரல் பக்குவப்பட்டிருக்காது. தேவைப்பட்டால் மூச்சுக்கு டியூப் போடுவார்கள். அதன் நுனி சற்றே கூடுதலாக இறங்கினாலும் வலது நுரையீரலுக்குள் போய்விடும். இடப்பக்கம் காற்றில்லாமல் சுருங்கிவிடும். தொப்புள் வழியாக விடும் குழாயும் சரியான இடத்தில் நிற்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம், குடல் சுவரில் காற்றுக் குமிழிகள் தோன்றலாம். இப்படிப்பட்ட நேரத்தில் படம் எடுக்கத் தயங்குவதுதான் ஆபத்து.

எவ்வளவு கதிர்?

ஒரு மார்பு எக்ஸ்ரேயில் பச்சிளங்குழந்தைக்குச் சேர்வது சுமார் 0.02 முதல் 0.05 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் எல்லோருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர் வருகிறது. ஆக, ஒரு படம் என்பது மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை சும்மா வாழ்வதற்குச் சமம்.

சி.டி. ஸ்கேன் கதை வேறு. அதில் பல மடங்கு அதிகம். இளவயதில் சி.டி. எடுத்த 1,70,000க்கும் மேற்பட்டோரைப் பிரிட்டனில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு, கதிர் அளவு கூடக்கூட ரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி அபாயம் சிறிதளவு கூடுவதைக் காட்டியது. குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிபவை; வாழவேண்டிய ஆண்டுகளும் நிறைய. சின்ன அளவையும் கணக்கில் வைப்பது அதனால்தான்.

வீணாகும் கதிர்

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது படத்தின் எல்லையைப் பற்றித்தான். மார்பு மட்டும் போதும் என்றிருக்க, தலையிலிருந்து தொடைவரை ஒரே படத்தில் விழுவது உண்டு. குழந்தையைப் பிடித்திருக்கும் சிஸ்டரின் விரல்கூடத் தெரியும்! குழந்தை அசைந்ததாலோ, மார்பின் மேல் மானிட்டர் வயர் கிடந்ததாலோ மறுபடி எடுப்பது இன்னொரு வீண். டெக்னீஷியன் ஒளிக்கட்டத்தைச் சுருக்கி, வயரை ஒதுக்க அரை நிமிடம் போதும். பிறப்புறுப்பின் மேல் ஈயத் தகடு வைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் சொல்லிவிட்டது. தகடு நகர்ந்தால் பார்க்க வேண்டியதையே மறைத்துவிடும்.

கதிரில்லாத வழி

மூளையில் ரத்தக்கசிவு உண்டா என்று அறிய, உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் போதும். பயிற்சி பெற்றவர் கையில் நுரையீரலுக்கும் அது உதவுகிறது. இதில் கதிரே கிடையாது.

பெற்றோருக்கு

படம் எடுத்து முடிந்த கணமே கதிரும் தீர்ந்தது. குழந்தை உடம்பில் எதுவும் தங்காது. அதனால் தாய்ப்பால் கொடுக்கலாம், மார்போடு அணைத்துக்கொள்ளலாம். பக்கத்து இன்குபேட்டர் ஓரிரு மீட்டர் தள்ளியிருந்தால் அங்கே சிதறும் கதிர் பொருட்படுத்தத்தக்கதல்ல. வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் பழைய படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே மறுபடி எடுக்கும்முன் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.