உடப்பு: கடலும் கோயிலும்

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவிலே, பத்துளுஓயா என்னுமிடத்திற் கடற்பக்கமாகத் திரும்பிச் சென்றால் உடப்பு என்னும் ஊரை அடையலாம். மேற்கே பெருங்கடல், கிழக்கே களப்பு, இடையே ஒடுங்கிய மணற்றரை. அங்கே வாழ்பவர்களுட் பெரும்பாலார் தமிழ் பேசும் இந்து மீனவர். தம் முன்னோர் இராமேசுவரப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

இவ்வூருக்குச் செல்பவர் பலர், கோயிலைத் தரிசித்து, இறாலும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். கோயில் வேறு, கடற்றொழில் வேறு என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் இரண்டையும் இணைத்து நிற்பது காற்று.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் அமைதியாக இருக்கும். அதுவே கரைவலைக் காலம். வலைக்கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்போரிடம் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குட் செல்லும். வளைந்து சென்று வலையை இறக்கியபின், மறு தலைப்போடு வேறோரிடத்திற் கரை சேரும். பின்னர் இரு அணியினர் இரு புறமும் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க அணிகள் ஒன்றையொன்று நெருங்கும். இறுதியில் நடுவேயுள்ள மடி கரையேறும்.

இவ்வளவு பாரத்தை இழுக்க, பலருடைய வலிமை ஒரே கணத்தில் ஒன்றுசேர வேண்டும். அதற்காகப் பிறந்ததே அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் ஏற்றுப் பாடியபடி, அந்தத் தாளத்திலே கயிற்றை இழுப்பார்கள். ஆகவே அம்பா பொழுதுபோக்கன்று. தோணியையும் வலையையும் போல அதுவும் ஒரு தொழிற்கருவி. பிள்ளையாரும் அம்மனும் அப்பாட்டிலே அழைக்கப்படுவதுண்டு. கோயில் கடற்கரைக்கு வருவது இவ்வாறுதான்.

மடி திறந்ததும் நெத்தலி, சாளை, பாரை என மீன்கள் வகைவகையாகப் பிரிக்கப்படும். அங்கேயே விலை பேசப்படும். விற்ற பணம் சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்காகப் பிரியும். எஞ்சிய மீன் உப்பிட்டு மணலிலே காயும்.

சோழகம் எழுந்ததும் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓயும். கீழ்க்கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வோரும் உண்டு. இந்தக் காலத்திலேதான், ஆடி மாதத்தில், ஊரின் பெருவிழா வருகிறது. பார்த்தசாரதிப் பெருமாளும் திரௌபதை அம்மனும் எழுந்தருளியிருக்கும் ஆலயத்திலே, பாரதப் போரின் 18 நாட்களை நினைவூட்டுவதுபோல, 18 நாட்கள் திருவிழா நிகழும். விரதம் காத்த அடியார்கள் தீமிதிப்பார்கள். வெளியூர் சென்றோரும் ஊர் திரும்பி ஒன்றுகூடும் நாட்கள் அவை. வாடையிலே ஒரே கயிற்றைப் பிடித்த கைகள், சோழகத்திலே ஒரே சந்நிதியிற் கூப்பி நிற்கின்றன.

நம் நாட்டுக் கரைகள் பலவற்றிலே, உழவு இயந்திரத்தோடு பொருத்திய உருளை கரைவலையை இழுக்கத் தொடங்கியது. உள்ளங்கை தேயக் கயிறு பிடித்தவர்களுக்கு அது பெரும் ஆறுதல். அதனைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் இயந்திரத்திற்குத் தாளம் வேண்டாம். இழுப்போர் இல்லாதபோது பாட்டுக்கு வேலை இல்லை. வேலையிழந்த பாட்டு மேடையிலே சிலகாலம் வாழலாம். எந்த அடியில் மூச்சை அடக்க வேண்டும், எந்த அடியிற் காலை ஊன்ற வேண்டும் என்ற அறிவு, கயிறு பிடித்த முதியவர்களோடு மறைந்துவிடும்.

ஆகையால், நேயர்களே, உடப்புக்குச் செல்வதாயின் ஒரு முறை ஆடியிலும் ஒரு முறை வாடைக்காலத்து விடியலிலும் செல்லுங்கள். கோயில் வாயிலிலே பாதணியைக் கழற்றுவதுபோல, கடற்கரையிலும் வேலை செய்வோருக்கு இடையூறின்றி ஒதுங்கி நில்லுங்கள். மீன் வாங்கியபின் உடனே திரும்பிவிடாமல், முதியவர் ஒருவரோடு அமர்ந்து, அவர் அறிந்த அம்பாவைக் கேளுங்கள். அவர் இசைந்தால் எழுதியும் வையுங்கள். சந்தையிலே விலைக்குக் கிடைக்காத பொருள் அது.